வண்ணார்பேட்டையில் ஒரு பிரெஞ்சு கிராமம் அமைப்பது எப்படி?

சொந்த வீடு கட்டி, மாடுலர் கிச்சன் வைத்து, கூரைக்கு ஜிப்சம் போர்டு அடித்து, அதற்குள் வரிசையாக எல்.இ.டி. விளக்கும் புதைத்த பிறகும் மனசு நிறையாதவர்களுக்கான வழிகாட்டி இது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இப்படிப்பட்டவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். பெரிய ஜவுளிக்கடைகள் வந்தாயிற்று, ஆஸ்பத்திரிகள் வந்தாயிற்று, மேம்பாலமும் வந்தாயிற்று. இனி வர வேண்டியது இங்கிலாந்தின் நாட்டுப்புறமும் பிரான்சின் நாட்டுப்புறமும்தான். அவற்றையும் கொண்டுவந்துவிடலாம். ஒரு மினி லாரி போதும்.

விஷயம் இதுதான். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த இரு நாட்டுக் குடியானவர் வீட்டு அடுக்களையில் கிடந்த மேசை, பெஞ்சு, நாற்காலி, அலமாரி எல்லாம் இப்போது ‘கன்ட்ரி ஸ்டைல்’ என்ற பெயரில் உலகம் சுற்றுகின்றன. பெயிண்டு உரிந்திருக்க வேண்டும், மூலை தேய்ந்திருக்க வேண்டும், ஒரு கால் லேசாக ஆட வேண்டும். டைல்ஸ் போட்ட உங்கள் ஹாலில் அப்படி ஒன்று நின்றால், வருகிறவர்கள் ‘பரம்பரையான வீடு’ என்று நினைப்பார்கள். யாருடைய பரம்பரை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் செய்யவும்.

தேவையானவை

- ரொக்கம். எவ்வளவு என்பதை வீட்டில் சொல்லாமலிருக்கும் மன உறுதி.
- தூக்குவதற்கு ஆறு ஆட்கள், வடக்கயிறு, பழைய சாக்கு.
- இப்போது வீட்டில் இருப்பதை அள்ளிக்கொண்டு போக ஒரு பழைய இரும்புக்கடைக்காரர்.
- விருந்தாளிகளிடம் சொல்ல ஒரு கதை.
- ஒரு ஆசாரி. இவர் பேச்சைக் கேட்கக் கூடாது. ஆனால் இவர் இல்லாமல் ஆகாது.

படி 1: முதலில் வீட்டைக் காலி செய்யுங்கள்

பழைய சாமான் வாங்கும் முன் பழைய சாமான்களை ஒழிக்க வேண்டும். மச்சில் தாத்தாவின் சாய்வு நாற்காலி கிடக்கும். கால் நீட்டிப் போட வசதியாகக் கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருக்கும். பிரம்புப் பின்னல் நடுவில் தொங்கிப்போயிருக்கும். பக்கத்திலேயே ஆச்சி கல்யாணத்துக்கு வந்த, பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டி. நெல்லுப் பெட்டி ஒன்று. தார்சாவில் மூன்று தலைமுறை உட்கார்ந்து வழவழவென்று ஆன பெஞ்சு. புறவாசலில் பனைநார்க் கட்டில். இத்தனையையும் வைத்துக்கொண்டு வீட்டில் நாட்டுப்புற அழகு வர வேண்டும் என்றால் எப்படி வரும்? இடம் வேண்டாமா?

இரும்புக்கடைக்காரர் வருவார். கட்டிலைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, “இத யாரு சார் வாங்குவா? அடுப்புக்குத்தான் ஆவும்” என்பார். நம்பிவிடுங்கள். பெஞ்சும் நாற்காலியும் வண்டியில் டமார் டமாரென்று விழும். மரப்பெட்டியை மட்டும் அவர் எறிய மாட்டார். கீழே சாக்கு விரித்து, மேலே இன்னொரு சாக்குப் போர்த்தி, குலுங்காத இடமாகப் பார்த்து, சீட்டுக்குப் பின்னால் வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றுவார். அப்போது உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பதுதான் மரியாதை. 

அந்தப் பெட்டியை மறுபடி சந்திக்க வாய்ப்பு உண்டு. எங்கே என்பது மூன்றாம் படியில்.

படி 2: எந்த நாட்டு ஏழையாக இருக்க விருப்பம் என்று முடிவு செய்யுங்கள்

நாட்டுப்புற மரச்சாமான் என்பது, ஊர்த் தச்சர் ஊர் மரத்தில் ஊர்க் குடியானவருக்குச் செய்து கொடுத்தது. பிரபுக்கள் மகோகனியும் தங்கமுலாமும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஓக், எல்ம், பைன், செர்ரி என்று கொல்லையில் எது நின்றதோ அதை வெட்டிச் செய்தார்கள். ஆகவே நீங்கள் எடுக்க வேண்டிய முதல் முடிவு: ஆங்கில ஏழையா, பிரெஞ்சு ஏழையா?

ஆங்கிலம் என்றால் வின்ஸர் நாற்காலி இல்லாமல் முடியாது. எல்ம் பலகையை உட்காரும் வாகுக்குக் குழித்து இருக்கை செய்திருப்பார்கள். அதில் துளை போட்டுக் கீழே கால்களும் மேலே முதுகுக்குக் குச்சிகளும் செருகியிருப்பார்கள். பக்கிங்காம்ஷயரின் பீச் மரக் காடுகளுக்குள்ளேயே குடிசை போட்டு, பச்சை மரத்தைக் காலால் மிதிக்கும் கடைசல் பட்டறையில் கடைந்து, கால்களைக் கட்டுக்கட்டாக ஹை விக்கம் என்ற ஊருக்கு அனுப்பிய தொழிலாளிகள் இருந்தார்கள். 1875 வாக்கில் அந்த ஊரில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் தயாரானதாக ஒரு மதிப்பீடு உண்டு. ‘தனியொரு கலைஞன் தன் உயிரைக் கொடுத்துச் செய்தது’ என்று கடைக்காரர் சொல்லும்போது இந்த 4,700-ஐ நினைக்காமல் தலையாட்டப் பழகுங்கள். அம்பாசமுத்திரத்தில் கட்டையைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிறவர்களும் இதே தொழில்காரர்கள்தான். ஆனால் அங்கே டவுன் பஸ் மாதிரி அடிக்கடி பஸ் போகிறது. பஸ் போகிற ஊரில் செய்வதெல்லாம் கலைப்பொருள் ஆகாது.

பிரெஞ்சு என்றால் நார்மண்டியின் கல்யாண அலமாரி. மணப்பெண்ணின் துணிமணிகள் வைக்கச் செய்தது. கதவில் புறாக்களும் பூங்கொத்தும் செதுக்கியிருக்கும். முளைகளைத் தட்டி எடுத்தால் பலகை பலகையாகக் கழன்று வரும். புரோவான்ஸ் பக்கம் போனால் ரொட்டி வைக்கச் சுவரில் தொங்கும் மரக்கூண்டும், மாவு பிசையும் மரத்தொட்டியும் கிடைக்கும். ரொட்டிக் கூண்டில் நீங்கள் ரொட்டி வைக்கப் போவதில்லை. பைக் சாவி, மாத்திரை அட்டை, காதுகுத்து வீட்டுப் பத்திரிகை எல்லாம் அதில்தான் சேரும்.

பிரெஞ்சு நாட்டுப்புற நாற்காலிக்கு இருக்கை கோரைப் பின்னல். கோரை என்றதும் பத்தமடை நினைவுக்கு வரும். வரக் கூடாது. தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கீறிக் கீறிச் சன்னமாக்கி, துணி மடிப்பது போல மடிக்கிற அளவுக்குப் பட்டுப்பாய் நெய்கிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது தரையில் விரிப்பது. பிரெஞ்சுக் கோரை தரையிலிருந்து ஒன்றரை அடி ஏறியது. நீங்கள் பணம் கொடுப்பது அந்த ஒன்றரை அடிக்கு.

ஏழை வேஷம் கட்டக் கூச்சமாக இருக்கிறதா? இந்தத் துறையின் முன்னோடி லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரான்சின் அரசி மரீ அந்த்வானெத் 1783-இல் தொடங்கி வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலேயே ஒரு கிராமம் கட்டினார். குளம், ஆலை, பால்பண்ணை, கூரை வீடுகள் எல்லாம் உண்டு. சுவர் பழசாகத் தெரிய வேண்டும் என்று விரிசல்களைப் பெயிண்டால் வரைந்தார்கள். உள்ளே அரண்மனை வசதி. அதற்குப் பின் பத்து வருஷத்தில் பிரான்சில் என்ன நடந்தது என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு அந்த அளவுக்குப் போகாது. எதிர்வீட்டு மைனி சிரிப்பதோடு முடிந்துவிடும்.

படி 3: வாங்கும் இடம்

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஷோரூம். பைபாஸ் ரோட்டில் கண்ணாடி போட்ட கட்டடமாகப் பார்த்து நுழையுங்கள். ‘பிரெஞ்சு புரோவின்ஷியல்’ என்று சீட்டுத் தொங்கும் அலமாரி போன மாதம் பிறந்ததாக இருக்கும். எம்.டி.எஃப். பலகைமேல் தாள் கனத்துக்கு மரத்தோல் ஒட்டி, வெள்ளை பெயிண்டு அடித்து, மூலைகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்திருப்பார்கள். தேய்த்ததற்குத் தனி விலை. மாதத் தவணை உண்டு. தவணை முடிகிறபோது சாமான் நிஜமாகவே பழசாகியிருக்கும் என்பது இந்த வழியின் தனிச் சிறப்பு.

இரண்டாவது, பழைய பங்களா வழி. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் தேவாலயம் எழுந்தது 1826-இல். இன்னொரு மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்குப் போனது 1841-இல். இவர்கள் தவிர கலெக்டர்கள், ஜட்ஜுகள், மில் துரைகள், எஸ்டேட் துரைகள். இவர்கள் எல்லாருக்கும் உட்கார நாற்காலி வேண்டும். கப்பலில் வந்தது கொஞ்சம்தான். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆசாரியைக் கூப்பிட்டு, படம் போட்டுக் காட்டி, ‘இதே மாதிரி’ என்று சொல்லித்தான் செய்துகொண்டார்கள். ஆசாரி படத்தைப் பார்த்தார், வெயிலையும் பார்த்தார். ஓக் இல்லை, தேக்கு போட்டார். தோதகத்தி கிடைத்தால் அதைப் போட்டார். வெல்வெட் மெத்தையில் இந்த ஊரில் உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும் என்று பிரம்பு பின்னிவிட்டார். அசல் இங்கிலீஷ் நாற்காலி என்று நம் பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்: துரை சொன்ன உருவம், ஆசாரி சொன்ன மரம்.

துரை மாற்றலாகிப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டுப் போவார். அது வக்கீல் வீட்டுக்குப் போகும். வக்கீல் மகன் மெட்ராசுக்குப் போகும்போது டாக்டர் வீட்டுக்குப் போகும். கடைசியில் நீங்கள் போன மாதம் இரும்புக்கடைக்காரருக்குப் போட்ட தாத்தாவின் சாய்வு நாற்காலியாகவும் அது இருந்திருக்கலாம். போனது போகட்டும். காரைக்குடிக்குப் போவோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருதான் மூன்றாவது வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டு காலம், பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்து சம்பாதித்த நகரத்தார் பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் இறக்கி அரண்மனை அரண்மனையாகக் கட்டினார்கள். உலகப்போர் வந்தது, பர்மா கைவிட்டுப் போனது, குடும்பங்கள் பெருகின. ஒரு வீட்டை நாற்பது பங்காக வைக்க முடியாது. இடித்து விற்றால் பங்கு வைக்கலாம். தூண், கதவு, பெட்டகம், ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்காலி, அதைப் பார்த்து இங்கே செய்த நாற்காலி, எனாமல் தூக்குச்சட்டி என்று எல்லாம் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன. ஒரு கடையில் கெம்புத்தோடு போட்ட ஓர் ஆச்சியின் போட்டோ சுவரில் சாய்ந்திருக்கும். விலை கேட்டால் சொல்வார்கள். அது போட்டோவுக்கு இல்லை, தேக்குச் சட்டத்துக்கு.

தேக்கைப் பற்றி ஒரு கதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சபையில் சொல்ல உதவும். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி மேல் பர்மாக் காடுகளில் தேக்கு வெட்டிக்கொண்டிருந்தது. கணக்கில் காட்டியதைவிட அதிகமாக வெட்டிவிட்டது என்று மன்னர் தீபாவின் அரசவை பெரிய தொகையை அபராதம் போட்டது. அதைச் சாக்கிட்டு 1885-இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். 1886 புத்தாண்டன்று மேல் பர்மா அவர்கள் ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது. அதே கம்பெனிதான் 1929-இல் நம் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு மலையை எடுத்துத் தேயிலை போட்டது. அதுதான் மாஞ்சோலை. அந்தக் காலத்தில் பர்மாத் தேக்கு மேசைமேல் மாஞ்சோலைத் தேயிலையில் ஒரு டம்ளர் டீ வைத்திருந்தால், மேசையும் டீயும் ஒரே முதலாளியின் கைங்கரியமாக இருந்திருக்கக்கூடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் விருந்தாளி மேசையின் விலையைக் கேட்க மறந்துவிடுவார்.

அந்தக் காரைக்குடித் தெருவில் ஒரு கடை வாசலில் பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டி ஒன்று நிற்கும். துலக்கி, பாலிஷ் போட்டு, மேலே கண்ணாடி பதித்து, ‘காபி டேபிள்’ என்று எழுதியிருப்பார்கள். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். உள்ளே வசம்பும் பழம்பட்டும் கலந்த வாசனை இன்னும் இருந்தால், அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். விலையை ஏற்றிவிடுவார்.

படி 4: பழையதுதானா என்று சோதிக்கும் முறை

வட்ட மேசையானால் அளவு நாடா எடுங்கள். மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. நூறு வருஷம் சுருங்கிய வட்டம் வட்டமாக இருக்க நியாயமில்லை. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு வந்தால், மேசையைச் சந்தேகப்படுங்கள்.

இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். மூலையில் பல்லும் பல்லும் கோத்த இணைப்பு ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தால் இயந்திர வேலை. ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, ஒன்று சாய்ந்து இருந்தால் கை வேலை.

திருகாணியின் தலையில் கூட்டல் குறி தெரிந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வகை ஆணி சந்தைக்கு வந்ததே 1930-களில்தான். பதினெட்டாம் நூற்றாண்டு அலமாரியில் அது தானாக முளைத்திருக்காது.

அடுத்து வண்டுத் துளை. வீட்டில் வண்டு துளைத்தால் நாம் மருந்து அடிக்கிறோம். கடையில் வண்டு துளைத்திருந்தால் கூடக் காசு கொடுக்கிறோம். ஐரோப்பிய மர வண்டு வெளியேறும் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதில் குண்டூசியை விடுங்கள். தடையில்லாமல் நேராக ஆழத்துக்கு இறங்கினால் துளைத்தது வண்டு இல்லை, டிரில்லிங் மிஷின். வண்டு வளைந்து வளைந்துதான் தின்னும். பலகையின் மேல்பரப்பிலேயே நீளமாகத் திறந்த ஓடைகள் தெரிந்தால், வண்டு தின்று முடித்த பிறகு மரத்தை அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மரம் பழசு, சாமான் புதுசு.

இவ்வளவும் முடிந்த பிறகு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் நாடாவும் எடுக்க மாட்டார், குண்டூசியும் கேட்க மாட்டார். நாற்காலியை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார். இருக்கையின் அடிப்பக்கத்தில் பெருவிரலை மெல்ல ஓட்டுவார். மேல்பக்கத்தை எல்லாரும் மழமழவென்று இழைப்பார்கள். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார் என்று விட்டுவிடுவதால் கை இழைப்புளி போன தடம் அலை அலையாக அங்கே அப்படியே கிடக்கும். அது விரலில் தட்டுப்பட்டதும் ஒரு “ம்” வரும். கால் சேருகிற மூட்டில் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோவார். அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

“அண்ணாச்சி, இது தேக்கு இல்ல, வேங்க. மூணு காலு ஒருத்தன் கை, இந்தக் காலு வேற ஒருத்தன் பொறவு மாத்துனது. ரெண்டு பேரும் வேலக்காரனுவதான். நல்ல சாமான். எவ்வளவுக்கு எடுத்திய?”

தொகையைச் சொல்லுங்கள். அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, அதிலேயே உட்கார்ந்துவிடுவார்.

படி 5: பழையதாக இல்லாவிட்டால் ஆக்கும் முறை

மனம் தளர வேண்டாம். காடியில் இரும்புக் கம்பிப் பஞ்சை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பூசினால் புது மரம் ஒரே ராத்திரியில் கருத்துவிடும். மூலைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுப் பெயிண்டு அடித்தால், காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் தகடாக உரிந்து வரும். சைக்கிள் செயினால் நான்கு சாத்துச் சாத்தினால் ஐம்பது வருஷத்துத் தழும்பு கிடைக்கும்.

செலவில்லாத முறையும் உண்டு. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பில் ஒரு பருவம் போட்டு எடுங்கள். காம்பஸ் முனையால் ஆன கைவேலை, இங்க் கறை, அம்பு பாய்ந்த இதயம், கணக்கு வாத்தியாரின் பட்டப்பெயர் எல்லாம் ஏறிவிடும். இவ்வளவு நம்பகமான பழமையை எந்தப் பட்டறையும் தர முடியாது.

கடைசியில் பிரெஞ்சு பாலிஷ். பெயரைக் கேட்டு மலைக்காதீர்கள். நம் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி கட்டுகிற அரக்கைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தோய்த்து, சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பதுதான் அது. பூச்சியும் மரமும் நம்முடையவை, ஸ்பிரிட்டும் உள்ளூரில் கிடைக்கும், தேய்க்கிற தோள்பட்டை ஆசாரியுடையது. மீதி எல்லாம் பிரெஞ்சு.

படி 6: வீட்டுக்குள் ஏற்றும் முறை

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் லாரி மாட்டினால் அலமாரிக்கு இன்னொரு வயது கூடிவிடும். ஏழரை அடி அலமாரி லிப்டுக்குள் போகாது, படிக்கட்டில் திரும்பாது, ஜிப்சம் கூரைக்குக் கீழே நிமிராது. நார்மண்டிக்காரர்கள் விவரமாகக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி செய்தார்கள். காரைக்குடி அலமாரி கழற்றுவதற்காகச் செய்ததில்லை. அது அந்த வீட்டை விட்டு வெளியே வரும் என்று செய்தவர் நினைத்திருக்க மாட்டார். பால்கனிக் கம்பியை அறுத்து, கயிறு கட்டி ஏற்ற வேண்டியிருக்கும். ஆட்களில் ஒருவர் மட்டும் தூக்காமல் “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கும் கூலி உண்டு.

படி 7: குடித்தனம் நடத்தும் முறை

பழம்பொருள் நாற்காலியில் உட்காரக் கூடாது. அதைப் பார்க்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் உட்கார வேண்டும். மேசைமேல் சூடான பாத்திரம் வைக்கக் கூடாது; கோரை இருக்கையில் பேரன் ஏறக் கூடாது; அலமாரிக் கதவைத் திறக்கக் கூடாது, ஏனென்றால் மூடாது.

சொந்தக்காரர்கள் வருகிற நாள்தான் கண்டம். பெரியத்தை வருவார். பெயிண்டு உரிந்த பிரெஞ்சு அலமாரிக்கு முன்னால் நின்று, முந்தானையால் அதன் மூலையை ஒருதரம் துடைத்துப் பார்ப்பார். போகவில்லை என்றதும் உங்கள் மனைவியைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “ஏட்டி, கையில முடையா இருந்தா சொல்லக்கூடாதா? நம்ம பெயிண்டரு அரை நாள்ல அடிச்சிட்டுப் போயிருவாம்லா.” இதற்குப் பதில் சொல்ல முயற்சி செய்யாதீர்கள். காப்பி கொடுங்கள். மறுவாரம் பெயிண்டரை அவரே அனுப்பி வைப்பார். வாசலிலேயே மடக்கி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் திருப்பி அனுப்புவது உங்கள் பொறுப்பு.

படி 8: வெயில், செல், ஆறு

குளிர்ந்த ஈரக்காற்றில் வளர்ந்த ஓக் பலகைக்குத் திருநெல்வேலிச் சித்திரை வெயில் புதுசு. நடுராத்திரியில் டப்பென்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், பலகை பிளந்திருக்கிறது. ஏ.சி. போட்டுக் காப்பாற்றலாம். அலமாரி ஏ.சி.யில் தூங்கும், நீங்கள் தட்டட்டியில் தூங்கலாம்.

செல் அரிக்காமலிருக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அடிப்பக்கத்துக்கு மருந்து அடியுங்கள். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆனால் கால் உளுத்துவிடும். எது தேவலை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியைப் பற்றிப் பாரிஸில் வந்த எந்த அலங்காரப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரையை மீறிச் சந்திப்பு, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனது. ஷோரூம் சாமான்களுக்கு அதுதான் பரீட்சை. எம்.டி.எஃப். அலமாரி டீயில் போட்ட ரஸ்க் கணக்காக ஊதி, அடித்தட்டு விரிந்து, மரத்தோல் தனியே மிதந்தது. கட்டி மரத்தில் செய்தது ஊறும், கருக்கும், ஆனால் நிழலில் நிதானமாகக் காயவிட்டால் பெரும்பாலும் எழுந்து நிற்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளும். 1992 வெள்ளத்தைப் பார்த்த வீட்டார் மழை வலுத்ததும் முதலில் பரணைத்தான் காலி செய்வார்கள். உங்கள் அலமாரி பரணுக்கு ஏறாது. வெள்ளம் எத்தனை வந்தாலும் நிற்கிற பழைய சாமான்தான் வேண்டும் என்றால், பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம். ஹாலுக்குள் வராது, அது ஒன்றுதான் குறை.

அடிக்கடி எழும் ஐயங்கள்

*அசலாகவே பழசு என்றால் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு ஒன்று அனுப்பலாமா?*

நூறு வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. உங்கள் நாற்காலி அந்தக் கணக்கில் வருமா என்று விசாரிக்கப் போனால், அது போன வருஷம் செய்தது என்று அதிகாரி சொல்லிவிடக்கூடும். விசாரிக்காமலிருப்பது மனசுக்கு நல்லது.

*‘எங்க ஆச்சி வீட்லயும் இதே மாதிரி பெஞ்சு கிடந்துதே’ என்று விருந்தாளி சொன்னால்?*

‘இருக்கலாம், ஆனால் இது பிரெஞ்சு’ என்று சொல்லுங்கள். ‘அது இப்போ எங்க?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவரும் ஒரு இரும்புக்கடைக்காரரைப் பார்த்திருப்பார்.

*என் காலத்துக்குப் பிறகு இவற்றை என்ன செய்வது?*

ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் பேரன் காலத்தில் ஸ்வீடனோ ஜப்பானோ நாகரிகமாகியிருக்கும். அவன் படி 1-இலிருந்து தொடங்குவான்.

*இவ்வளவு செலவும் அலைச்சலும் இல்லாமல், சுளுவான வழி ஏதும் கிடையாதா?*

ஒன்று உண்டு, இந்த வழிகாட்டியில் சேர்க்கத் தகுந்ததல்ல. இங்கிலாந்துக் குடியானவரும் நார்மண்டிக் குடியானவரும் செய்தது அதுதான். பக்கத்துத் தோப்பில் வேம்போ பூவரசோ நல்லதாக ஒன்று வெட்டும்போது சொல்லி வைத்து வாங்கி, ஆற அமரக் காயவிட்டு, ஆசாரியிடம் ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள். அதில் உட்காருங்கள், படுங்கள், காய் நறுக்குங்கள். கால் ஆடினால் ஆப்பு வையுங்கள். உடைந்தால் வேறு கால் போடுங்கள். யார் வந்து என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இதையே நூறு வருஷம் தொடர்ந்து செய்தால் பழம்பொருள் தயார்.